நொதுமலர் கைவழியே இருபது ரூபாய்

சென்னையில் காலை ஒன்பது மணிக்கு மாநகரப் பேருந்தில் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. நடத்துநர் பின்வாசலுக்குப் பக்கத்தில் தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். கூட்டம் தள்ளிய தள்ளலில் நாம் பேருந்தின் நடுப்பகுதிக்குப் போயிருப்போம். இடையில் முப்பது நாற்பது பேர். அசைய இடமில்லை. இருபது ரூபாய்த் தாளைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி, "எல்.ஐ.சி. ஒண்ணு, பாஸ் பண்ணுங்க" என்கிறோம். அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தாள் அவர் விரலிலிருந்து அடுத்தவர் விரலுக்குப் போகிறது. "எல்.ஐ.சி. ஒண்ணு" என்ற சொல்லும் கூடவே வாய்க்கு வாய் போகிறது. இரண்டு நிறுத்தங்கள் கழித்து, அதே வழியாகப் பயணச்சீட்டும் மீதிச் சில்லறையும் திரும்பி வருகின்றன. சில்லறை இல்லையென்றால் நடத்துநர் சீட்டின் பின்பக்கம் பாக்கித் தொகையை எழுதி அனுப்புவார். இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இத்தனை வருடப் பயணத்தில் என் காசு வழியில் காணாமல் போனதே இல்லை. நானும் பிறர் காசு எத்தனையோ முறை கைமாற்றியிருக்கிறேன். யார் காசு, யார் கேட்டது என்று பார்த்ததில்லை. காசைக் கைமாற்றிய ஏழெட்டுப் பேருக்கும் எனக்கும் இடையே அந்த நேரத்தில் இருந்தது என்ன? நட்பு இல்லை, பகையும் இல்லை. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் யாரும் இருபது ரூபாயை நீட்ட மாட்டார்கள்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: நொதுமல். நட்பும் பகையும் அல்லாத மூன்றாவது நிலை. அயலாரை 'நொதுமலர்' என்று சங்க இலக்கியம் சொல்லும். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்கு உரை எழுதவந்த பரிமேலழகர், மனிதர்களைப் பகை, நொதுமல், நட்பு என்று மூன்று பகுதியாகப் பிரித்து, மூன்றிடத்தும் அறம் பிறழாமல் ஒரே தன்மையாக நிற்பதே நடுவுநிலைமை என்று விளக்குகிறார். நட்பையும் பகையையும் பற்றி நம்மிடம் ஏராளமாகப் பேச்சு உண்டு. நடுவில் இருக்கும் இந்த நொதுமலைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஒரு நகரத்துவாசி ஒரு நாளில் சந்திப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நொதுமலர்தான்.

இது எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு என்பதை நம் நெருங்கிய உறவுகளான சிம்பன்சிகளிடம் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு சிம்பன்சிக் கூட்டத்தில் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறியும். யார் வலுவானது, யார் யாருக்குப் பேன் பார்க்கிறது, யாரிடம் ஒதுங்கிப் போக வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. முன்பின் தெரியாத ஆண் ஒன்று எல்லைக்குள் தென்பட்டால் நடப்பது பெரும்பாலும் விரட்டல் அல்லது தாக்குதல். தான்சானியாவின் கொம்பே காட்டில், ஒரே கூட்டமாக இருந்து இரண்டாகப் பிரிந்த சிம்பன்சிகளை ஆய்வாளர் ஜேன் குடாலின் குழு கவனித்துவந்தது. 1974 முதல் 1978 வரையிலான நான்கு ஆண்டுகளில் ஒரு பிரிவு மற்றதன் வளர்ந்த ஆண்களை ஒவ்வொன்றாகத் தாக்கியது; பிரிந்துபோன கூட்டமே இல்லாமல் ஆனது. மானுடவியலாளர் சாரா பிளாஃபர் ஹிர்டி 2009இல் வெளியான தன் புத்தகத்தை ஒரு விமானப் பயணத்திலிருந்து தொடங்குகிறார். உடன் பயணிப்பவர்கள் எல்லாரும் திடீரெனச் சிம்பன்சிகளாக மாறிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறார். விரல்கள் பத்தும் முழுதாக ஒருவர் இறங்கினாலே பெரிய விஷயம்.

அறியாத முகங்களோடு கூடி வாழும் உயிர்கள் வேறு உண்டு. எறும்புகள். புற்றில் பொதுவாக ஓர் எறும்புக்கு மற்றோர் எறும்பைத் தனியாளாகத் தெரியாது. உடலின் மேற்பூச்சில் இருக்கும் வேதிப்பொருள்களின் வாசனைதான் அடையாளம். வாசனை ஒத்துப்போனால் நம்மவர், இல்லையென்றால் எதிரி. இந்த எளிய விதியை வைத்துக்கொண்டு அர்ஜென்டினா எறும்புகள் தென் ஐரோப்பாவின் கரையோரம் இத்தாலி தொடங்கி ஸ்பெயின், போர்ச்சுகல் வரை சுமார் 6,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே குடியாகப் பரவியிருப்பதை 2002இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஓர் எறும்பைக் கொண்டுவந்து விட்டாலும் மற்றவை அதைக் கடிப்பதில்லை.

மனிதர்கள் இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். நம்மாலும் சிம்பன்சியைப்போல ஆளை ஆளாக அறிய முடியும். ஆனால் அதற்கு மூளையில் எல்லை உண்டு. பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபின் டன்பார் 1990களின் தொடக்கத்தில் குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்ட அளவையும் ஒப்பிட்டு, மனிதருக்கு அந்த எல்லை ஏறத்தாழ 150 பேர் என்று கணித்தார். அந்த எண் சரியா என்பதில் இன்றும் சர்ச்சை இருக்கிறது. எல்லை உண்டு என்பதில் அவ்வளவு சர்ச்சை இல்லை. அதற்கு மேற்பட்டவர்களோடு வாழ வாசனைக்குப் பதிலாக நாம் அடையாளங்களை உண்டாக்கிக்கொண்டோம். காக்கிச் சட்டை, சீட்டு, முத்திரை, வரிசை, கவுண்டர், ரசீது. காக்கிச் சட்டை போட்டவரிடம் காசைக் கொடுக்கிறோம். அவர் யார் பிள்ளை என்று கேட்பதில்லை. எறும்பு செய்யாத ஒன்றையும் நாம் செய்கிறோம். வாசனை ஒத்துப்போகாதவர் பக்கத்திலும் உட்கார்ந்து, அவர் தோளில் தூங்கி விழுந்து, விழித்ததும் "சாரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறோம்.

இது நமக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம் அல்ல. ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908இல் வெளியான தன் நூலில் ஓர் அழகான கவனிப்பைப் பதிவு செய்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் பேருந்தும் ரயிலும் டிராமும் வரும்வரை, ஒருவர் முகத்தை ஒருவர் நிமிடக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை மனிதர்களுக்கு வந்ததே இல்லை என்கிறார் அவர். கிராமத்துத் திண்ணையிலோ மாட்டுவண்டியிலோ அப்படி உட்கார்ந்தால் அது கோபம். ரயிலில் அதுவே மரியாதை. அந்த மரியாதையை நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

எப்படிக் கற்றுக்கொண்டோம் என்பதை சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் நுணுக்கமாக எழுதினார். எதிரே ஒருவர் வருகிறார். ஒரு கணம் பார்க்கிறோம்; 'நீங்கள் இருப்பது தெரிகிறது' என்று அந்தப் பார்வை சொல்கிறது. உடனே கண்ணை விலக்கிக்கொள்கிறோம். 'உங்களால் எனக்கு ஆபத்தில்லை, என்னால் உங்களுக்கும் தொந்தரவில்லை' என்று அந்த விலகல் சொல்கிறது. பார்க்காமலே போனால் அவமதிப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் அத்துமீறல். இடைப்பட்ட அந்த அரை வினாடியை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை, யோசிக்காமல், பிசகாமல் செய்துவிடுகிறோம். நம் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள், இந்த அரை வினாடி நீண்டுபோகும்போது ஒரு பேருந்துப் பயணம் எப்படி மாறிவிடுகிறது என்று. நொதுமலுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. அதை மீறுகிறவர்கள் கெடுப்பது ஒருவரின் பயணத்தை மட்டுமல்ல.

சரி, பழக்கம்தான். ஆனால் அதன் அடியில் ஏதாவது அக்கறை இருக்கிறதா? யாரும் பார்க்காதபோது, யாரென்றே தெரியாத ஒருவருக்காக நாம் சிரமப்படுவோமா? இதைச் சோதிக்க அலைன் கோன் என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களைத் 'தொலைத்தார்கள்'. முடிவு 2019இல் சயன்ஸ் இதழில் வந்தது.

செய்முறை எளிமையானது. ஆய்வு உதவியாளர் ஒருவர் வங்கி, தபால் நிலையம், அருங்காட்சியகம், காவல் நிலையம், தங்கும் விடுதி போன்ற ஏதாவது ஓர் இடத்துக்குப் போய், முன்மேசையில் இருப்பவரிடம் ஒரு பர்ஸைக் கொடுப்பார். தெருமுனையில் கிடந்தது, யாரோ தொலைத்திருக்கிறார்கள், எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரியும்படியான பர்ஸ் அது. அந்த ஊர்ப் பெயரோடும் மின்னஞ்சல் முகவரியோடும் மூன்று அட்டைகள், உள்ளூர் மொழியில் மளிகைச் சீட்டு, ஒரு சாவி. சில பர்ஸ்களில் பணமும் இருந்தது, ஏறத்தாழ 13 டாலர் மதிப்புக்கு, சிலவற்றில் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் உரிமையாளருக்கு எழுதினாரா என்பதுதான் கேள்வி.

பணம் இருந்தால் திரும்பி வருவது குறையும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். பொதுமக்களிடமும் பொருளாதார அறிஞர்களிடமும் கணிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் கணிப்பும் நடந்ததோடு ஒத்துப்போகவில்லை. பணமில்லாத பர்ஸ்களில் 40 விழுக்காட்டுக்கு உரிமையாளருக்குத் தகவல் வந்தது. பணம் இருந்தவற்றில் 51 விழுக்காட்டுக்கு! நாற்பதில் 38 நாடுகளில் இதே போக்கு. இந்தியாவும் அந்த 38இல் ஒன்று. நம்ப முடியாமல், மூன்று நாடுகளில் பணத்தை ஏறத்தாழ 94 டாலராக உயர்த்திப் பார்த்தார்கள். அங்கே 72 விழுக்காட்டுப் பர்ஸ்களுக்குத் தகவல் வந்தது.

ஏன்? ஒரு பகுதி, மனசாட்சி. வெறும் பர்ஸை மறந்துவிட்டால் மறதி, பணத்தோடு வைத்துக்கொண்டால் திருட்டு. தன்னைத் திருடனாகப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு பகுதி. அந்தச் சாவி. கண்டெடுத்தவருக்குச் சாவியால் ஒரு பயனும் இல்லை. தொலைத்தவருக்கு மட்டும்தான் அது பொருள். ஆய்வாளர்கள் சாவி இல்லாமலும் சில பர்ஸ்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். திரும்பி வரும் விகிதம் குறைந்தது. அதாவது, முகம் தெரியாத ஒருவர் தன் வீட்டு வாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதை, எங்கோ ஒரு மேசைக்குப் பின்னால் இருந்த ஊழியர் மனக்கண்ணில் பார்த்திருக்கிறார்.

இனி நான் அதிகம் யோசித்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நொதுமல் நமக்குத் தரும் பெரிய கொடை, அது கேட்காமல் விடும் கேள்வி. நீ யார்?

சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் 1920இல் இறந்த பிறகு வெளியான அவருடைய பெருநூலில் நவீன அலுவலகத்தைப் பற்றி நீண்ட பகுதி இருக்கிறது. நல்ல அலுவலகம் விருப்பும் வெறுப்பும் இல்லாமல், எதிரே நிற்பவர் யார் என்று பாராமல், விதிப்படி நடக்கும் என்கிறார். பரிமேலழகரின் நடுவுநிலைமைக்கு மிகவும் பக்கத்தில் வரும் எண்ணம் இது. வெபர் இதைக் கண்டு வியந்தார், கொஞ்சம் அஞ்சவும் செய்தார். மனிதன் இதில் ஒரு பற்சக்கரமாகிவிடுவானோ என்ற கவலை அவருக்கு இருந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அதன் மறுபக்கம் இன்னும் கூர்மையாகத் தெரியும்.

1901இல், பத்து வயதுச் சிறுவனாக இருந்த அம்பேத்கர், அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க ரயிலேறினார். புதுச்சட்டை, பட்டுக்கரை வேட்டி, முதல் ரயில் பயணம். மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. நிலைய அதிகாரி வந்து பயணச்சீட்டைக் கேட்டார், கொடுத்தார்கள். எங்கே போக வேண்டும் என்று கனிவாக விசாரித்தார். அதுவரை எல்லாம் சரியாக இருந்தது. அதுவரை அவர்கள் பயணச்சீட்டு வைத்திருந்த பயணிகள். பிறகு அவர் கேட்டார், நீங்கள் யார் என்று. சிறுவன் யோசிக்காமல் மகர் என்று தன் சாதியைச் சொன்னான். அதிகாரியின் முகம் மாறியது, பேசாமல் நடந்துவிட்டார். வெளியே வண்டிகள் பல நின்றன. ஒருவரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, சிறுவர்களே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். பல ஆண்டுகள் கழித்துத் தன் நினைவுக் குறிப்பில் அம்பேத்கர் இதை எழுதினார். அதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும், சீட்டு வாங்கியதற்கும் கேள்வி கேட்டதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களில் என் மனம் நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்வி நம் ஊரில் வேறு வடிவத்தில் வரும். "தம்பிக்கு எந்த ஊரு?" பாசமான கேள்விதான், பல நேரம். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்தது வரும். "எந்தத் தெரு?" என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்கு ஒருவருடைய முகம் எப்படிச் சுருங்கும் என்று பார்த்தவர்களுக்கு, கேள்வியே கேட்காமல் காசை வாங்கிக் கைமாற்றிவிடும் ஒரு பேருந்தின் அருமை தெரியும்.

பேருந்துக்கே இந்தச் சோதனை வந்தது. தமிழ்நாட்டின் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஒரு காலத்தில் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு வீரரின் பெயரைத் தாங்கிய வண்டியில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. தென்மாவட்டங்களில் சாதி மோதல் வெடித்தது. அரசு அந்த ஆண்டிலேயே எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும்கூட, தலைவர்களின் பெயர்களை நீக்கியது. இன்று நாம் ஏறும் வண்டியில் எந்தத் தலைவரின் பெயரும் இல்லாததற்குக் காரணம் அதுதான். ஒரு பெயரைத் தாங்க முடியாமல் எல்லாப் பெயர்களையும் இழந்தோம் என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் பெயரில்லாத அந்த வண்டியில் எல்லாரும் ஏறினார்கள்.

அலுவலகம் இரக்கமற்றது, மருத்துவமனையில் நான் வெறும் டோக்கன் எண் என்று நாம் வருந்துவதுண்டு. உண்மைதான், உடம்பு சரியில்லாமல் கிடக்கும்போது பெயருக்குப் பதிலாகப் படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் வலிக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட இடங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வரிசை நகராமல் இருக்கும்போது பக்கக் கதவு வழியாக யாரோ உள்ளே போவார்கள். "அவங்க சொல்லி வச்சுட்டு வந்தவங்க" என்று பதில் வரும். ஆள் தெரிந்தவர்களுக்கு எல்லாக் கனிவும் செலவாகிவிடுவதால்தான் தெரியாதவர்களுக்குக் கடுப்பு மிஞ்சுகிறது. அங்கே நொதுமல் கூடிப்போகவில்லை, குறைந்துபோயிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே டோக்கன் என்று நிச்சயமாகத் தெரிந்தால், அந்த டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்க முடிகிறது.

நொதுமலுக்குள்ளேயே இன்னொரு வகை உண்டு. நியூயார்க்கில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் தினமும் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கவனித்தார்: வருடக்கணக்காகப் பார்த்த முகங்கள், ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவருடைய மாணவர்கள் ஒரு நிலையத்தில் காத்திருந்தவர்களைப் படமெடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, பிறகொரு நாள் அதே பயணிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக ஒருவர் நான்கு முகங்களை அடையாளம் கண்டார், பேசியிராத முகங்கள். பேசிப் பழகியவர்கள் அதில் பாதிகூட இல்லை. அந்த முகங்களைப் பற்றி, அவர்கள் என்ன வேலை பார்ப்பார்கள், வீடு எப்படி இருக்கும் என்றெல்லாம் பலர் யோசித்து வைத்திருந்தார்கள். 1972இல் மில்கிராம் இதை எழுதினார். பரிச்சயமான அந்நியர் என்பது அவர் வைத்த பெயரின் பொருள். 2013இல், சிங்கப்பூர்ப் பேருந்துகளில் பயணிகள் தட்டிவிட்டு ஏறும் அட்டைகளின் ஒரு வாரப் பதிவை அலசிய ஆய்வாளர்கள், இப்படி எதிர்ப்படும் சந்திப்புகள் தற்செயல் அல்ல, ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப நிகழ்பவை என்று காட்டினார்கள். நகரம் முழுவதையும் இப்படிப்பட்ட சந்திப்புகளின் வலை இணைக்கிறது. அந்த வலையில் இருக்கும் ஒருவருக்கும் அது தெரியாது.

மில்கிராம் சொன்ன இன்னொன்று: பரிச்சயமான அந்நியரை வழக்கமான இடத்தில் பார்த்தால் பேச மாட்டோம். ஆனால் தொலைதூரத்தில் பார்த்தால் பேசிவிடுவோம். தூரம் கூடக் கூடப் பேச்சு எளிதாகும்.

குரோம்பேட்டை நிறுத்தத்தில் என்னோடு எட்டே முக்கால் பேருந்துக்கு நிற்கும் ஒருவர் இருக்கிறார். அறுபதை நெருங்கும் வயது, தோளில் பழுப்பு நிறப் பை. ஆறேழு வருடமாகப் பார்க்கிறேன். போன வருடம் திருநெல்வேலி சந்திப்பில், நெல்லை எக்ஸ்பிரஸுக்காக நடைமேடையில் நின்றுகொண்டிருந்தபோது, அந்தப் பையைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இருவர் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது.

"சார், நீங்க குரோம்பேட்டதானே?"

"நீங்களும் எட்டே முக்கால் வண்டிதானே சார்!"

அருகருகே உட்கார்ந்து இருபது நிமிடம் பேசினோம். அந்தப் பேருந்து இப்போதெல்லாம் தாமதமாக வருவது, நிறுத்தத்துக் கூரை ஒழுகுவது, எப்போதும் ஓடி வந்து ஏறும் அந்தக் கல்லூரிப் பெண்ணை இப்போது காணோம், படிப்பு முடிந்துவிட்டது போல. இதெல்லாம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். ரயில் வந்தது. அவருடைய பெட்டி வேறு, என்னுடையது வேறு. ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அவர் என் ஊரைக் கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நிறுத்தத்தில் அவர் தலையை லேசாக அசைத்தார், நானும். பேருந்தில் கூட்டம். அவர் எனக்கு முன்னால் எங்கோ மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு கை என் பக்கம் நீண்டது, அதற்கு முன் எத்தனை கைகளைத் தாண்டி வந்ததோ, மடித்த இருபது ரூபாய்த் தாள்.

"சைதாப்பேட்ட ஒண்ணு."

வாங்கிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தேன்.